ஒன்பதுக்கும் பதினேழுக்கும் நடுவில்

அன்றைக்குக் காலையிலிருந்து எதுவுமே அவள் பேச்சைக் கேட்கவில்லை. புரொஜெக்டர் கேட்கவில்லை, மைக் கேட்கவில்லை, இருபத்திரண்டு அதிகாரிகளில் ஒருவர்கூட ஒன்பதரை என்றால் ஒன்பதரைக்கு வரவில்லை. சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது. சரி என்று குடையை விரித்தால், அது காற்றுக்குச் சாதகமாகப் புரண்டு, கம்பியெல்லாம் வானத்தைப் பார்க்க நின்றது. குடைகூட என்னிடம் அதிகாரி மாதிரி நடந்துகொள்கிறதே என்று பல்லைக் கடித்தாள்.

அந்தக் குடையோடு மல்லுக்கட்டியபடி சரிவான சந்தில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. தள்ளுவதற்கு ஆள் இல்லாமல்... தானாக. அதுவும் மேலே இரும்புக் கம்பிக் கட்டை ஏற்றிக்கொண்டு!

கத்துவதற்கு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஓட நினைத்தாள், கால் வரவில்லை. கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை...

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள். அவள் செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால், தரையில் போட்டிருந்த சிவப்புப் பெயின்ட் கோட்டில், வண்டி சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே ஒருத்தன் ஓடி வந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, முழங்கை வரை கிரீஸ், மழையில் நனைந்தும் எரிந்துகொண்டிருந்த இரண்டு கண்கள்.

"போர்டு வெச்சிருக்கேனே, படிக்கலையா நீங்க?"

"எ... என்ன போர்டு? என்னைக் கொல்லப் பாத்துட்டு போர்டாம் போர்டு!"

"'வண்டி சோதனை நடக்கிறது, கோட்டுக்கு மேலே வராதீர்கள்'. அவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கேன்."

"வண்டி நிக்காம வந்திருந்தா?"

"வண்டி நிக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க நகருவீங்களான்னுதான் தெரியல" என்றவன், குனிந்து கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரலை வைத்து அளந்துகொண்டான். அவளைவிட அந்த இடைவெளிதான் அவனுக்கு முக்கியமாக இருந்தது.

என்ன மனுஷன் இவன்! ஒரு மன்னிப்பு... ஒரு 'அடி படலையே'... ம்ஹூம். அவளுக்கு வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பிப் போயிருப்பாள். ஆனால் போக முடியாதே. அவள் தேடி வந்த பட்டறை அந்தச் சந்தின் உச்சியில்தான் இருந்தது. அவள் தேடி வந்த ஆளும், நினைத்துப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது, இவனேதான்.

தொழில் வளர்ச்சிக்கும் சிறுதொழில் புத்தாக்கத்துக்கும் கொள்கை வகுக்கிற அதிகாரிகளுக்கு ஐந்து நாள் பயிற்சி. முதல்முறையாக அதை நடத்துவது இவள். திங்கள் தொடங்கி வெள்ளியில் முடியும். வியாழக்கிழமை களப்பயணம், அதாவது ஒரு நிஜமான பட்டறையை நிஜமாகவே கண்ணால் பார்க்கிற நாள். பயிற்சி நிலையத்தில் எல்லோரும் இவனுடைய பட்டறையை 'மாடல் யூனிட்' என்றுதான் சொல்வார்கள். ஏன் இது மட்டும் மாடல் என்று அவள் முதல் வருடத்திலேயே கேட்டிருக்கிறாள். இயக்குநர் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பட்டறை வாசலில்தான் பஸ் திரும்ப இடம் இருக்கிறதாம்.

"பயிற்சி நிலையத்துலேர்ந்து வர்றேன். வியாழக்கிழமை..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவன் முகம் ஷட்டர் இறக்கினது போல மூடிக்கொண்டது.

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"இதுவரைக்கும் பத்தொன்பது குழு வந்தாச்சுங்க. பத்தொன்பது! ஒவ்வொரு தடவையும் அரைநாள் மெஷினை நிறுத்தறேன். வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, 'உங்க சவால்கள் என்ன?'ன்னு கேப்பாங்க. சொல்லுவேன். எழுதிப்பாங்க. போயிடுவாங்க. அடுத்த குழு வந்து, 'உங்க சவால்கள் என்ன?' என் சவாலே நீங்கதான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். எங்க அக்கா முறைப்பா, அடக்கிப்பேன்."

சொல்லி வைத்தது போல உள்ளேயிருந்து அக்கா வந்தாள். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தாள். கடைசல் இயந்திரத்தில் நின்றிருந்தவள் போல, புடவைக்கு மேலே மாட்டியிருந்த காக்கிச் சட்டையெல்லாம் இரும்புத் தூள். ஈரத்தில் வெடவெடத்து நிற்கிறவளை ஒரு பார்வை பார்த்தாள், தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏண்டா, வாசல்ல நிக்க வெச்சா சண்டை போடுவ? உள்ள வாம்மா. டீ குடி, அப்புறம் சண்டை போடு."

டீ சூடாக இருந்தது. பட்டறைக்காரன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, கேட்காமலே விளக்கினான். கைப்பிடியை விட்டால் வண்டி பத்தடிக்குள் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடும். சடாரென்று நின்றால் மேலே படுத்திருக்கிற நோயாளி உருண்டு விழுந்துவிடுவாரே... அதனால்தான் மெல்ல. இந்த பிரேக்கை எந்தப் பழைய வண்டிக்கும் மாட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி சாய்தளத்தில் நோயாளிகளைத் தள்ளிப்போகிற வண்டிகளுக்கெல்லாம் மாட்டிக்கொள்ளத் தயார் என்று பெரிய ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அரசாங்கத்தின் புத்தாக்கச் சான்று வேண்டும்.

"மூணு வருஷம் முன்னால இதே சந்துல, சரக்கு வண்டி கை நழுவி என் கால் மேல ஏறிடுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சான் இந்தப் பைத்தியத்தை" என்றாள் அக்கா, சாதாரணமாக. தம்பி தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுடைய கோபத்தில் பாதி எங்கேயோ போய்விட்டது. மீதிப் பாதியையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டுமே என்று கஷ்டப்பட்டாள்.

"சரி, வியாழக்கிழமை வரட்டும்" என்றாள் அக்கா. "ஆனா போட்டோ கிடையாது, கேள்வி கிடையாது. நாங்க நிரப்பற ஃபாரத்தை வர்றவங்க அத்தனை பேரும் இங்கயே உக்காந்து நிரப்பணும். முடிக்காம ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

பட்டறைக்காரன் ஓர் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துப் போட்டான். புத்தாக்கச் சான்றுக்கான விண்ணப்பம், பதினான்கு பக்கம்.

"ஒன்பதாம் கேள்வியைப் படிங்க. 'இப்பொருள் இதுவரை எங்கும் விற்கப்படவில்லை என உறுதியளிக்கிறேன்.' கையெழுத்துப் போடணும். ஆச்சா? இப்போ பதினேழு. 'இப்பொருளின் கடந்த மூன்றாண்டு விற்பனைச் சான்றை இணைக்கவும்.' விக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டு, வித்ததுக்கு ரசீது குடுக்கணும்! முதல் தடவை பதினேழைக் காலியா விட்டேன், 'முழுமையாக இல்லை'ன்னு திருப்பி அனுப்பினாங்க. ரெண்டாவது தடவை ஒன்பதுல கையெழுத்துப் போடல, 'கையெழுத்து இல்லை'ன்னு வந்துச்சு. மூணாவது தடவை ரெண்டையும் எப்படியோ நிரப்பி அனுப்பினேன்... 'முன்னுக்குப் பின் முரண்'! இந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட திட்டமே முடியுது."

அவள் படிவத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். இரட்டைக் கோடு போட்ட ஓரம், பக்கத்துக்குப் பக்கம் வலது மூலையில் சின்னக் கட்டம்... இருபத்து நான்கு வயதில், முதல் வேலையில், பதினோரு நாள் உட்கார்ந்து அவள் தயாரித்த படிவம் அது. ஒன்பதை இலாகாவில் ஒரு குழு கேட்டது. பதினேழை இன்னொரு குழு கேட்டது. இரண்டு குழுவும் பெரியவர்கள், இரண்டையும் சேர்த்துவிட்டாள். 'சிறந்த படிவ வடிவமைப்பு' என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் வீட்டு ஹாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தாள்...

"நிபந்தனை சம்மதம்" என்று மட்டும்தான் வந்தது.

செவ்வாயும் புதனும் வகுப்பு முடிந்ததும் அவள் பட்டறைக்கு ஏறி வந்தாள். இருபத்திரண்டு பேர் உட்கார இடம் பார்க்க வேண்டும், படிவத்தைப் பிரதி எடுக்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். பெஞ்சுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். மழை தகரக் கூரையில் பேசிக்கொண்டே இருந்தது. அவன் எரிச்சலாகப் பேசும்போதெல்லாம் இடது புருவம் மட்டும் மேலே ஏறும் என்பதைக் கண்டுபிடித்தாள். சிரிக்கும்போது கண் முதலில் சிரித்து, உதடு அப்புறம் யோசித்துச் சிரிக்கும் என்பதையும்... இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கவனிப்பது நிற்கவில்லை.

"இந்த ஃபாரத்தை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..." என்றான் அவன் புதன்கிழமை.

"எழுதினவன்னு எப்படித் தெரியும்? எழுதினவளா இருந்தா?"

"சேச்சே! பொண்ணுங்க இவ்வளவு மட்டமா எழுத மாட்டாங்க."

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"இதே பெஞ்சுல உக்கார வெச்சு, ஒன்பதுக்கும் பதினேழுக்கும் நடுவுல நான் எப்படி மாட்டிக்கிட்டு முழிச்சேனோ, அப்படி முழிக்க வெப்பேன்."

உட்கார்ந்துதானே இருக்கிறேன்... முழித்துக்கொண்டுதானே இருக்கிறேன், மகானுபாவரே! மனசுக்குள் புலம்பினாள். இப்போது சொல்லேன் என்றது ஒரு மனசு. சொன்னால் இந்தக் கண் இப்படிப் பார்க்குமா என்றது இன்னொன்று. இரண்டாவது மனசுதான் ஜெயித்தது. நிலுவையில் போடுவது எப்படி என்று அதிகாரிகளுக்கு அவளே வகுப்பு எடுக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை பஸ் வந்தது. வளைத்து ஒடித்துத் திரும்பியது. இருபத்திரண்டு பேரும், பின்னாலேயே இயக்குநரும், பட்டறை பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு பேனா. ஒவ்வொருவரும் தன்னையே தள்ளுவண்டி செய்த பட்டறைக்காரராக நினைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும்.

முதல் அரைமணி ஜோராகப் போனது. பிறகு ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. "மேடம், ஒன்பதுல கையெழுத்துப் போட்டுட்டேன், பதினேழுல என்ன எழுதறது?" "உங்க விருப்பம் சார்." "பதினேழை எழுதினா ஒன்பதை அடிக்கணுமே?" "அடிச்சா செல்லாது சார்." ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதப் பார்த்தார். அந்த ஆள் இவரைப் பார்த்து எழுதக் காத்திருந்தார். அக்கா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், ஒருத்தரும் எழுந்திருக்க முடியவில்லை.

"என்ன ஃபாரம் இது! எந்த இலாகாவோடது?" என்று வெடித்தார் அவர்களில் மூத்த அதிகாரி.

"நம்ம இலாகாதான் சார்" என்றார் பக்கத்திலிருந்தவர் மெதுவாக.

மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். ஆள் நல்லவர், ஆனால் விதி தாண்ட மாட்டார். "மாத்தணும்னா எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ஒரு கேள்வியை நீக்கணும்னா, அது ஏன் சேர்க்கப்பட்டதுன்னு தயாரிச்சவரோட எழுத்துமூலமான விளக்கம் வேணும். வெளியாளை வெச்சுத் தயாரிச்ச ஃபாரம். ஃபைல்ல பேர் இல்ல. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க ஆறு மாசம் ஆகும்."

"நாளைக்குக் கடைசி நாள் சார்" என்றான் பட்டறைக்காரன். அவன் குரலில் கோபம்கூட இல்லை. பத்தொன்பது குழுவைப் பார்த்த குரல். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"தேட வேண்டாம் சார்" என்று அவள் எழுந்தாள். "தயாரிச்சது நான்தான்."

இயக்குநர் இருமினார். அவன் அவளைப் பார்த்தான்... இரண்டு நாளாக அவள் ரகசியமாகப் பார்த்து ரசித்த அதே கண்கள். அவற்றில் இப்போது சிரிப்பு இல்லை. திரும்பி உள்ளே போனான். கடைசல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பும் வரை அது நிற்கவில்லை.

திரும்பும்போது இயக்குநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்த வகுப்பு பத்தி... அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' எப்போதும் வராத அப்புறம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கினாள். "நல்லாத்தானே இருந்தது, ஏண்டி எடுத்த?" என்றாள் அம்மா. "நல்லாத்தான் இருந்தது. அதான்மா பிரச்சனை" என்றாள் அவள்.

பிறகு உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். 'இரண்டு குழுக்கள் இரண்டு கேள்விகள் கேட்டன. இரண்டையும் சேர்த்தேன். நிரப்பப் போகிறவர் ஒருவரையும் நான் கேட்கவில்லை. நானும் ஒருமுறைகூட நிரப்பிப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.' நான்கே வரி. அவள் எழுதியதிலேயே முதல்முறையாக யாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மூத்த அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஒன்பதில் கையெழுத்திட்டவர்கள் பதினேழை நிரப்பத் தேவையில்லை, உடனே அமல். அவனுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். கட் செய்தான்! "திமிரு... உடம்பெல்லாம் திமிரு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, உத்தரவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள். குடை எடுக்கவில்லை. எடுத்தாலும் அது புரண்டிருக்கும்.

சந்தின் உச்சியில் அவன் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"போனை எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எடுத்து என்ன பேசறது? இன்னொரு ஃபாரம் நிரப்பணுமா?"

"மணி மூணேமுக்கா ஆகுது, உத்தரவு இதோ இருக்கு, விண்ணப்பம் எங்க? கோபத்தை அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கோங்களேன்!"

"எனக்குக் கோபம் நீங்க அதை எழுதினதுக்கு இல்ல" என்று அவனும் சத்தம் போட்டான். "ரெண்டு நாள் எதிர்ல உக்காந்து, நான் கொட்டினதையெல்லாம் கேட்டுக்கிட்டு, கூடவே சிரிச்சுக்கிட்டு... சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு!"

"பயமா இருந்துச்சு!"

"என்ன பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"சொன்னா நீங்க என்னை அப்படிப் பாக்க மாட்டீங்கன்னு பயம். போதுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மழையில் முகம் மட்டும் சுட்டது.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் விண்ணப்பம், தலையில் ஹெல்மெட். அவள் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு, "நீங்க நிதானமா சண்டை போட்டு முடிங்க. நான் குடுத்துட்டு வர்றேன்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு பேரும் ஷட்டருக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவன் கூரையைப் பார்த்தான், அவள் தரையைப் பார்த்தாள். கேட்பதா வேண்டாமா என்று இழுத்து இழுத்து, "புதன்கிழமையே சொல்லியிருந்தா... டீ குடுத்திருப்பீங்களா?" என்றாள்.

"பாதி டம்ளர் குடுத்திருப்பேன்."

சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரும் வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துத் தவித்துப்போய், சட்டைப் பையில் கைவிட்டு நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினான். ஒவ்வொரு களப்பயணம் முடிந்ததும் பட்டறைக்குக் கொடுக்கிற கருத்துத் தாள். பத்தொன்பது குழுவுக்கும் அவன் அதை நிரப்பித் தந்ததே இல்லை.

"நேத்து ராத்திரி எழுதினேன். அதான் போனை எடுக்கல. கோபம் ஒரு பக்கம்... இதைப் போன்ல எப்படிச் சொல்றது?"

பிரித்தாள். கிரீஸ் விரல்தடம் பட்ட தாள்.

'களப்பயணத்தால் தங்களுக்கு ஏற்பட்ட பயன்: தூக்கம் போச்சு.'

'தங்கள் ஆலோசனை: உண்மையை முன்னாடியே சொல்லலாம். இருந்தாலும் இருபத்திரண்டு பேர் முன்னாடி எழுந்து சொன்னது பெரிய விஷயம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.'

'மீண்டும் வர அனுமதிப்பீர்களா: வரலாம். பஸ் வேண்டாம். ஒருவர் மட்டும் வந்தால் போதும்.'

அவள் நிமிர்வதற்குள் அவன் போன் அடித்தது. எதிர்முனையில் அக்கா போட்ட சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. "வாங்கிட்டாங்கடா! சீல் குத்திட்டாங்க! நீ சொல்லிட்டியா இல்ல இன்னும் முறைச்சுக்கிட்டு நிக்கறியா?"

அவன் போனை அணைத்தான். இடது புருவம் ஏறியது, இறங்கியது. "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. அன்னிக்கு நகராம கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்க பாருங்க, அப்போலேர்ந்து. இதுக்கும் மூணு வருஷச் சான்று கேக்காதீங்க."

அவள் மழையில் இறங்கி, சந்தில் நடந்து, சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றாள். கையில் அந்தத் தாள்.

"விடுங்க வண்டியை!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

"என்னது?"

"விடுங்கன்னா விடுங்க! ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டீங்களா?"

அவன் வண்டியைச் சரிவில் தள்ளி, கைப்பிடியை விட்டான். வண்டி கிளம்பியது, உருண்டது, அவளை நோக்கியே வந்தது... மெல்ல மெல்ல வேகம் குறைந்து, அவள் செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னாலேயே அவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"இந்தத் தடவை கண்ணைக்கூட மூடலையே?"

"நிக்கும்னு தெரியும்" என்றாள் அவள். "நீங்க பண்ணினதாச்சே."